ஆறு வருடம் நின்ற புல்லட் 350: இந்த மழைக்காலத்தில் எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை (மயிலாடுதுறை) – அக்டோபர் 18

எல்லோருக்கும் வணக்கம். எண்பதுகளின் நடுவில் அப்பா வாங்கிய புல்லட் 350 ஒன்று வீட்டில் இருக்கிறது. இரும்பு சிலிண்டர், பாயிண்ட் (பிளக்கில் நெருப்பு விழவைக்கும் பழைய வகைத் தொடுமுனை), வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நான்கு கியர். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து கிக்கரை உதைக்க முடியாமல் போனதிலிருந்து மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஆறு வருடம் ஆகிவிட்டது.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை எங்கள் பக்கம் மழைதான். எனக்கு உரக்கடை. நடவு முடிந்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மேல் வேலை இருக்காது. கையில் 35,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பொங்கலன்று அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் குலதெய்வம் கோயில் வரை போக வேண்டும் என்பது ஆசை.

எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், ஐந்து கியர் பெட்டி, ரோலர் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்), எல்.இ.டி. விளக்கு. மனதில் இருப்பவை இவை. எதை முதலில் செய்வது?

இன்றைய நிலை: கிக்கர் இறங்குகிறது, கம்ப்ரஷன் கைக்குத் தெரிகிறது. டேங்க் உள்ளே துரு. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க் கறை. வயரிங்கை எப்போதோ யாரோ 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆனால் ஒயர்கள் ஒரே சிக்கலாக இருக்கின்றன. நாளை புது பேட்டரி வாங்கி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

---

கடைசல்காரன் (கோவை) – அக்டோபர் 18

தம்பி, நாளைக்கு ஸ்டார்ட் செய்யாதே. கிக்கரையும் இனி உதைக்காதே.

இந்த எஞ்சினில் எண்ணெய் டேங்க் தனியாக இல்லை. கிராங்க் கேஸின் பின்பகுதியே டேங்க். அங்கிருந்து ஒரு பம்ப் எண்ணெயை உள்ளே அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே விழுந்த எண்ணெயைத் திருப்பி டேங்குக்குக் கொண்டுவரும். வண்டி ஓடும்போது இரண்டும் சரியாகிவிடும். நின்றால், பம்பின் வட்டு முகம் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், டேங்கில் உள்ள எண்ணெய் சொட்டுச் சொட்டாக கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஆறு வருடத்தில் பெரும்பகுதி இறங்கியிருக்கும். அந்த நிலையில் எஞ்சின் ஓடினால் எண்ணெய் பிரீதர் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) வழியே கொட்டும், வெள்ளைப் புகை தெருவை மூடும். மறுபக்கம் டேங்க் காலியாக இருப்பதால் பிக் எண்டுக்குப் போக எண்ணெய் இருக்காது.

கீழே இரண்டு டிரெயின் போல்ட் இருக்கும். ஒன்று டேங்குக்கு, ஒன்று கிராங்க் அறைக்கு. இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வடித்து அளந்து சொல். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர். எந்தப் பக்கம் எவ்வளவு வருகிறது என்பதை வைத்தே உன் பம்ப் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார். உலோகத் தூள் மின்னுகிறதா, தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் இருக்கிறதா என்று கவனி.

பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடு. ஒரு ராத்திரி ஊறட்டும். பிறகு டீகம்ப்ரஸரை (கம்ப்ரஷனை விடுவிக்கும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக இறக்கிப் பார்.

உன் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன ஐந்தும் நல்ல பொருள்கள்தான். ஆனால் இந்த வண்டி சரியாக ஓடும்போது எப்படி இருக்கும் என்பது உனக்கு இன்னும் தெரியாது. கோளாறோடு நிற்கும் வண்டியில் புதுப் பொருளை மாட்டினால், பிறகு வரும் தொல்லை பழையதிலிருந்து வந்ததா புதியதிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருடமாக என் பட்டறைக்கு வரும் பாதி வண்டிகள் அப்படிப்பட்டவைதான். கம்பெனி விட்ட நிலைக்கு முதலில் கொண்டுவா. ஒரு நேரத்தில் ஒரு பகுதியைத் திற, அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு.

---

காவிரிக்கரை – அக்டோபர் 21

அண்ணா, நல்ல வேளை கேட்டேன். டேங்க் பக்கம் அரை லிட்டர்கூட வரவில்லை. கிராங்க் பக்கத்திலிருந்து ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. கருப்பாக இருக்கிறது, ஆனால் தூள் இல்லை, தண்ணீரும் இல்லை. பில்டரின் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துணி கையில் எடுத்ததும் பிய்ந்து வந்தது. கிக்கர் மெதுவாகச் சுற்றும்போது எங்கும் பிடிக்கவில்லை.

பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டுமா?

---

கடைசல்காரன் – அக்டோபர் 21

கழற்று. டைமிங் பக்கத்து மூடியில் முன்னும் பின்னும் இரண்டு பம்ப் மூடி இருக்கும். வட்டு, ஸ்பிரிங், பிளஞ்சர் எல்லாவற்றையும் எந்தப் பக்கத்தில் எடுத்தாயோ அந்தப் பக்கத்துத் தட்டிலேயே வை, மாற்றிவிடாதே. வட்டு முகத்தில் கோடு தெரிந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டில் மெல்லிய ரகத்தைத் தடவி, அதன் இருப்பிடத்தின் மேலேயே வைத்துக் கையால் அரை. சாம்பல் நிறமாக ஒரே சீராக வந்தால் போதும். பிறகு பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவு. மிஞ்சிய பேஸ்ட் பிக் எண்டுக்குள் போனால் எஞ்சின் முடிந்தது.

மூட்டும்போது பில்டர் அறையை எண்ணெயால் நிரப்பிவிட்டு மூடு. 20டபிள்யூ-50 போதும். எஞ்சின் ஓடியதும் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய எண்ணெய்க் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார். எண்ணெய் கசிந்து வந்தால் திரும்பும் பம்ப் வேலை செய்கிறது.

---

டொராண்டோ_350 – அக்டோபர் 22

கனடாவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1972 ஹோண்டா சி.பி. 350, இரட்டை சிலிண்டர். இங்கே நவம்பரில் வண்டியைக் கராஜில் விட்டால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்போம். சாலையில் உப்பு கொட்டியிருப்பார்கள், பனி உறைந்திருக்கும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேலைக்காலமே குளிர்காலம்தான். பதினோரு குளிர்காலம் ஆகிவிட்டது எனக்கு.

வண்டியை நிறுத்தும் முன் செய்யும் வேலைதான் பாதி ரிப்பேர். எண்ணெயை நிறுத்தும் முன்பே மாற்ற வேண்டும், எடுக்கும்போது அல்ல. ஓடிய எண்ணெயில் எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் இருக்கும். ஐந்து மாதம் அது பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. கார்புரேட்டரின் கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாதம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே கிடக்கவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும்.

இன்னொன்று, ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்களுக்காக. பழைய ஹோண்டா, யமஹாவில் இருக்கும் கூட்டல் குறித் திருகுகள் ஜே.ஐ.எஸ். வகை. சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்றும் சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கி வையுங்கள். என் முதல் குளிர்காலம் முழுவதும் தலை போன திருகுகளைத் துளைபோட்டு எடுப்பதிலேயே போனது.

---

புதுப்பேட்டை_ஆர்எக்ஸ் (சென்னை) – அக்டோபர் 22

டொராண்டோ நண்பருக்கு: நான் ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன், 1994. மழை மாதங்களில் ஓட்டுவதில்லை. ஆனால் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்திவிடுவேன். எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை. நிறுத்தி வைப்பதைவிட இது நல்லது இல்லையா?

---

டொராண்டோ_350 – அக்டோபர் 23

இல்லை நண்பா. இதை நானும் முதலில் நம்பினேன். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஆவி வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் மூடியின் அடியில் வெள்ளையாக ஒரு நுரை படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதும் இதனால்தான். ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

---

புதுப்பேட்டை_ஆர்எக்ஸ் – அக்டோபர் 23

சரி, யோசிக்க வைத்துவிட்டீர்கள். போன வாரம் சைலன்சர் முனையிலிருந்து கருப்புத் தண்ணீர் சொட்டியது, மழைத் தண்ணீர் என்று நினைத்தேன்.

ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சங்கடம் இருக்கிறது. கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீலும் நீண்ட நாள் காய்ந்தால் இறுகிவிடும். பிறகு அந்த வழியே காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்துதான் தினமும் ஸ்டார்ட் செய்தேன். இனி பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் 2டி எண்ணெய் விட்டு, வாரம் ஒரு தடவை கிக்கரை மட்டும் கையால் சுற்றி வைக்கிறேன். நின்ற ஆர்.எக்ஸ். வண்டியில் ஐடிலிங் தானாக ஏறி இறங்கினால் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், முதலில் அந்தச் சீல்களைப் பாருங்கள்.

காவிரிக்கரை, டேங்க் துருவுக்கு வழி சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பதினேழு வண்டி மூழ்கியது, அப்போது கற்றது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம்தான். லிட்டருக்கு நூறு கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். கொட்டிவிட்டு ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். உடனே, அதாவது அந்த நிமிடமே, ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்து உள்ளே எண்ணெய் சுழற்றி விடுங்கள். காயவைப்பதில் தாமதித்தால் கண்முன்னாலேயே மஞ்சள் துரு திரும்பி வரும்.

சுத்தமானதும் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊறவைத்துக் குழைத்துவிடும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எண்பதுகளின் வண்டி இதற்காகச் செய்யப்பட்டதில்லை.

---

ஒயர்மேன்_திருச்சி – அக்டோபர் 25

தம்பி காவிரிக்கரை, எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும் முன் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கு. அரை மணி நேர வேலை சொல்கிறேன்.

பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரு குச்சி, இக்னிஷன் காயிலின் பிளஸ் முனையில் இன்னொரு குச்சி. சாவி போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் படி. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ ஓட்டம் தடுக்கப்படுகிறது. சாவி சுவிட்ச், பியூஸ், ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் (காஸ்கெட்) இருக்கும் அம்மீட்டரின் இரண்டு நட்டு, இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளந்தால் தானே அகப்படும். அடுத்து எர்த். பேட்டரி மைனஸிலிருந்து பிரேமுக்குப் போகும் ஒயர் பெயிண்டின் மேல் முறுக்கப்பட்டிருந்தால் அது எர்த்தே இல்லை. இரும்பு தெரியச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவு. எஞ்சினுக்குத் தனியாக இன்னொரு எர்த் ஒயர் இழு.

நான் அரசு வேலையில் முப்பத்து நான்கு வருடம் மோட்டார்களுக்கு ஒயர் இழுத்தவன். பத்துக் கோளாறில் ஏழு மூட்டில்தான் இருக்கும், கருவியில் இருக்காது.

பாயிண்ட்டைப் பற்றி என் கருத்து: வைத்துக்கொள். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர், பீலர் கேஜ் வைத்துப் பார். முகம் கருகி நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சர் போய்விட்டது. நடுவழியில் நின்றாலும் உப்புக் காகிதத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் செத்தால் வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

---

கோத்தகிரி_வளைவு – அக்டோபர் 26

ஒயர்மேன் ஐயாவிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். நான் தினமும் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறுகிறேன். ஏழு வருடமாக எலக்ட்ரானிக்தான், ஒரு தடவைகூட நின்றதில்லை. மழையும் மூடுபனியுமான இடத்தில் பாயிண்ட் ஈரமாகி நின்ற நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

பிரேக் விஷயத்தில் காவிரிக்கரை சொல்வது சரி. மலைப் பாதையில் அந்தச் சின்ன முன் டிரம்மை நம்பி இறங்குவது உயிர் விளையாட்டு. முன் டிஸ்க் போடுங்கள்.

---

ஒயர்மேன்_திருச்சி – அக்டோபர் 26

மூடுபனியில் தினம் ஓட்டுகிறவர் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன். அங்கே எலக்ட்ரானிக் சரிதான். மயிலாடுதுறைக்கு நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

---

கடைசல்காரன் – அக்டோபர் 27

டிஸ்க் பற்றி. மலையில் தினம் இறங்குகிறவருக்கு நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன் போர்க்கின் கால், ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐயும் மறக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எந்தப் பெரிய மாற்றமானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

தம்பி, அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. உன் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா? முதல் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஆறு வருடம் நின்றிருக்கிறது என்றால் நடுவில் தேதி தாண்டியிருக்க வேண்டும். படிவம் 25 வாங்கி வை. வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே பிரேக், விளக்கு, ஹாரன் பார்ப்பார்கள். இந்தச் செலவை 35,000-க்குள் இப்போதே எழுதிவிடு.

சரி, டிரம் பிரேக். இதில் கொஞ்சம் நேரம் எடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த பிரேக் கெட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் அது சரியாக வேலை செய்து பார்த்ததே இல்லை.

புது ஷூ வாங்கி அப்படியே மாட்டினால் நடுவில் ஒரு விரல் அகலம்தான் டிரம்மைத் தொடும். ஷூவின் வளைவும் தேய்ந்த டிரம்மின் வளைவும் ஒன்றாக இருக்காது. ஷூவை பிரேக் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் விரித்து, அப்படியே லேத்தில் பிடித்து டிரம்மின் உள்விட்டத்துக்குக் கடைந்து எடுக்க வேண்டும். அதற்கு முன் டிரம்மில் முட்டை வடிவம் இருந்தால் அதையும் கடைய வேண்டும். ஊரில் உள்ள எந்த லேத்துப் பட்டறையிலும் ஒரு மணி நேர வேலை. மாட்டும்போது ஆக்ஸில் நட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் லீவரை இறுகப் பிடி. ஷூக்கள் தாமாக டிரம்மின் நடுவுக்கு வரும். பிடித்த கையை விடாமல் நட்டை முறுக்கு. இந்த ஒரு வேலையாலேயே பிரேக்கின் பிடி வேறாகிவிடும்.

பழைய ஷூவின் தூளை வாயால் ஊதாதே, காற்றுக் குழாயும் வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியோடு மூடித் தூக்கிப் போடு.

---

மாரி_யாழ் (யாழ்ப்பாணம்) – நவம்பர் 2

வணக்கம். இங்கேயும் மாரி தொடங்கிவிட்டது. என்னிடம் ஹோண்டா எம்.டி. 90, தபால்காரர் வண்டி என்று ஜப்பானில் ஓடியது.

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்குப் பெட்ரோல் வரத் தடை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் துளிப் பெட்ரோல் வைத்திருப்போம். அதைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறப்போம். அப்பா மாதத்துக்கு ஒருக்கால் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். அளவு கூடியிருந்தாலோ மணம் வந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுவார்.

நீண்ட நாள் நின்ற வண்டிக்கும் இது பொருந்தும். மிதவையின் ஊசி ஒட்டாமல் இருந்தால், பெட்ரோல் குழாயை மூட மறந்த ஒரே இரவில் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் முனையில் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகக் கூடாது. புது எண்ணெய் ஊற்றிய முதல் ஒரு கிழமை (வாரம்) தினமும் முகருங்கள், தம்பி.

---

காவிரிக்கரை – நவம்பர் 16

எல்லோருக்கும் ஒரு நீண்ட பதில் கடன்பட்டிருக்கிறேன்.

பம்ப் வட்டை அரைத்து மாட்டியாயிற்று. டேங்க் உள்ளே இப்போது வெள்ளி மாதிரி இருக்கிறது. மாரி அண்ணை சொன்னபடி ஊதிப் பார்த்தேன், காற்று போனது. ஊசியும் அதன் இருக்கையும் புதிது போட்டேன். ஒயர்மேன் ஐயா, பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் 1.9 வோல்ட் காணாமல் போயிருந்தது! அம்மீட்டரின் ஒரு நட்டு கையாலேயே சுழன்றது. எர்த் ஒயர் நீங்கள் சொன்ன மாதிரியே பெயிண்டின் மேல்தான் இருந்தது. இப்போது 0.2.

வால்வுகளைத் திறக்கவைக்கும் தட்டுத்தண்டுகளையும் பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் மேல்நிலையில் விரலால் சுழற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்று அப்பா காட்டினார்.

ஒன்பதாம் தேதி மாலை, மழை விட்ட நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. ஐந்தாவது உதை. அதற்கு முன் இரண்டு தடவை கிக்கர் திருப்பி அடித்தது, கணுக்கால் வீங்கிவிட்டது. ஓடியது, ஆனால் ஏதோ கரகரப்பு. நான் ஆயில் சத்தம் என்று நினைத்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்து, “நெருப்பு முந்தி விழுது. நிறுத்து” என்றார்.

மறுநாள் டைமிங் (பிளக்கில் நெருப்பு விழும் நேரம்) பார்த்தேன். சின்ன பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் ஒயர் வரும் இடத்திலும் இன்னொன்றை எர்த்திலும் கொடுத்தேன். பாயிண்ட் திறக்கும்போது பல்ப் எரியும். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன் எரிய வேண்டும் என்று அப்பாவிடம் இருந்த பழைய கையேட்டில் இருக்கிறது. என்னுடையது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் முன்பே எரிந்தது. பிளேட்டைத் திருப்பிச் சரி செய்யப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வந்தது. கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றினேன். அடியில் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் அந்த இரண்டு எடைக் கட்டிகளும் காய்ந்த கிரீஸில் பாதி விரிந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன.

சுத்தம் செய்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினேன். 0.8-க்கு வைத்தேன். மூன்றாவது உதையில் ஸ்டார்ட். கரகரப்பு இல்லை, திருப்பி அடிக்கவில்லை.

கடைசல்காரன் அண்ணா, ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்க நினைத்திருந்த எலக்ட்ரானிக் கிட்டின் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அது பாயிண்ட் பிளேட்டை மட்டும்தான் மாற்றுகிறது. அடியில் இருக்கும் இந்தக் கட்டிகள் அப்படியே இருந்திருக்கும். ஆறாயிரம் ரூபாய் கொடுத்து மாட்டிவிட்டு, கிட் சரியில்லை என்று திட்டியிருப்பேன்.

---

கோத்தகிரி_வளைவு – நவம்பர் 16

உங்கள் அப்பாவின் காதுக்கு என் வணக்கம். என் கிட்டும் அதே வகைதான். நாளை என் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். ஏழு வருடமாகத் திறந்ததில்லை.

---

கடைசல்காரன் – நவம்பர் 17

இனி செயின். பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் இந்த வண்டியில் ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் டிரம்மோடு மாற்ற வேண்டும். ஆகவே பல் கொக்கி மாதிரி வளையும் முன்பே செயினை மாற்றிவிடு. முன்பக்கம் 16 பல் இருக்கும். 17 போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போகும், காவிரிப் படுகையில் மேடு கிடையாது, உனக்குப் பொருந்தும். நீ கேட்ட ஐந்து கியருக்கு இது பாதி பதில். கிராங்கில் தட்டும் சத்தம் இல்லாதவரை ரோலர் பிக் எண்டை நினைக்கவே வேண்டாம்.

---

காவிரிக்கரை – ஜனவரி 19

ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. பிரேக் ஷூவை இங்கேயே ஒரு பட்டறையில் கடைந்தேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு தம் வண்டியின் ஷூவையும் கழற்றிக் கடைந்துகொண்டார். 17 பல், புது செயின், விளக்குக்கு ரிலே. இதுவரை செலவு 21,400. பாயிண்ட் அப்படியே இருக்கிறது.

மாட்டுப்பொங்கலன்று போனோம். போகவர நாற்பத்தாறு கிலோமீட்டர். அப்பா பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் என் தோளை ஒரு தடவை தட்டினார். நான் சீக்கிரம் மாற்றினால் இரண்டு தடவை. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினேன். இளம் காபி நிறம்.

ஒரே ஒரு தொல்லை. இடது பக்க பிரைமரி மூடியின் அடியில் ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு சொட்டு எண்ணெய். நடு நட்டை நன்றாக முறுக்கிப் பார்த்தேன், சொட்டு கூடியதே தவிரக் குறையவில்லை.

---

கடைசல்காரன் – ஜனவரி 19

முறுக்கினதால்தான் கூடியது. அந்த மூடியை ஒரே நட்டுதான் பிடிக்கிறது. அதிகம் முறுக்கினால் நடு உள்ளே போய் விளிம்பு வெளியே விரியும். நட்டைத் தளர்த்து. மூடியைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்து, எங்கே ஒளி தெரிகிறது என்று பார். தெரியும் இடத்தில் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டு. புது ரப்பர் சீல், மேலே எதுவும் பூசாதே. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்து, நட்டை உட்காரும் வரை முறுக்கி, பிறகு கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். திறந்திருக்கும்போதே பிரைமரி செயினின் தளர்வையும் பார், ஆறு மில்லிமீட்டர் இருக்கட்டும். கண்ணாடியில் வைத்த படத்தை இங்கே போடு.